வீட்டில் ஒருவர் பாட, ஒருவர் மிருதங்கம் வாசிக்க: புதிதாகத் தொடங்கும் ஜோடிகளுக்கு

ஒருவர் பாடுகிறார், இன்னொருவர் மிருதங்கம் வாசிக்கிறார். இருவருக்கும் ஆபீஸ் வேலை. சங்கீதத்தை நம்பி அடுப்பு எரிவதில்லை. இப்படிப்பட்ட வீடுகள் நம் ஊர்களில் நிறைய உண்டு. கல்யாணத்துக்கு அப்புறம்தான் "நீங்களும் சின்ன வயசில் கத்துக்கிட்டீங்களாமே" என்று விஷயம் தெரிந்து, பரண்மேல் இருந்த மிருதங்கத்தை இறக்கியவர்களும் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் மனைவி பாடுவாள், மிருதங்கம் என்னுடையது. அக்கா தங்கை, அப்பா மகள், பக்கத்துத் தெரு நண்பர்கள் என்று யார் சேர்ந்தாலும் கீழே சொல்வதில் முக்கால்வாசி பொருந்தும்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இருவரும் ஒருவருக்கொருவர் பக்கவாத்தியமாக இருங்கள், வாத்தியார் ஆகிவிடாதீர்கள். சேர்ந்து வாசிப்பதை ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் பலரும் நேரமில்லை என்பார்கள். நான் பார்த்தவரை, ஓயாமல் திருத்தம் சொல்லியே கசந்துபோன வீடுகள்தான் அதிகம்.

1. வாத்தியம் வாங்கும் முன் சுருதியை முடிவு செய்யுங்கள்

மிருதங்கம் எல்லாச் சுருதிக்கும் சேராது. ஆண்களுக்குப் பெரும்பாலும் 1 முதல் 2 கட்டை, பெண்களுக்கு 5, 5½, 6 என்று வரும். ஹார்மோனியத்தில் சி என்பது 1 கட்டை, ஜி என்பது 5 கட்டை. நடுவில் கறுப்புக் கட்டைகள் வரும் இடங்களில் அரை. மிருதங்கத்தில் தக்கு, ஹெச்சு என்று இரண்டு வகை. தக்கு கொஞ்சம் நீளம், தாழ்ந்த சுருதிக்கு. ஹெச்சு குட்டை, உயர்ந்த சுருதிக்கு. ஒவ்வொரு மிருதங்கத்தையும் அதன் இயல்பான சுருதியிலிருந்து அரைக் கட்டை அப்படி இப்படி நகர்த்தலாம். அதற்கு மேல் இழுத்தால் நாதம் கெடும், தோலும் தாங்காது. மாமா வாசித்த 1½ கட்டை மிருதங்கம் சும்மாதானே இருக்கிறது என்று 5½ கட்டையில் பாடுபவருக்கு அதை வாசிக்க முடியாது.

பாடுபவர் சுருதியைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி. சுருதிப்பெட்டியோ தம்புரா ஆப்போ போட்டுக்கொண்டு, கீழே மந்தர பஞ்சமம் காதில் விழும்படி வருகிறதா, மேலே தார ஸ்தாயி மத்தியமம் வரை கத்தாமல் போக முடிகிறதா என்று பாருங்கள். எழுந்தவுடன் பார்க்க வேண்டாம், காலையில் குரல் கனமாக இருக்கும். சாயங்காலம் பாருங்கள். இரண்டு மூன்று வாரம் அந்தச் சுருதியிலேயே பாடி, தொண்டை வலிக்கவில்லை என்றால் அதுதான் உங்கள் கட்டை. அதற்கு அப்புறம் மிருதங்கம் வாங்கப் போங்கள். போகும்போது பாடுபவரும் கூடப் போக வேண்டும். கடையிலேயே ஒரு வரி பாடி, வாசித்துப் பார்த்து வாங்குவதுதான் நல்லது.

இருவருமே பாடுகிறவர்கள் என்றால் கதை வேறு. அவர் 1, இவர் 5 என்றால் நடுவில் 3 கட்டையில் சந்திக்கலாம் என்று தோன்றும். வேண்டாம். அவருக்கு அது உச்சம், இவருக்குப் பாதாளம், இருவருமே கெட்டுப்போவார்கள். மாற்றி மாற்றிப் பாடுங்கள், ஒருவர் பாடும்போது மற்றவர் தாளம் போடட்டும். வயலின் என்றால் பிரச்சினையே இல்லை, தந்தியைச் சுருதிக்கு ஏற்றபடி கூட்டிக்கொள்ளலாம். புல்லாங்குழலுக்குச் சுருதிக்கு ஒரு குழல் வேண்டும்.

இருவரும் ஒரே வாத்தியம் வாசிப்பவர்கள் இதில் கொடுத்துவைத்தவர்கள். நாதஸ்வரத்தில் ஷேக் மஹபூப் சுபானியும் அவர் மனைவி காலீஷாபியும் ஜோடியாகவே வாசித்து, 2020ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ வாங்கினார்கள். அவர்கள் தொழில்முறை வித்வான்கள்தான். ஆனாலும் ஒரே மூச்சில் இரண்டு நாயனம் எப்படிச் சேர்கிறது என்று கேட்பதற்காகவே அவர்கள் வாசிப்பைத் தேடிக் கேளுங்கள்.

2. நேரமும் இடமும்

சேர்ந்து வாசிப்பது வேறு, சாதகம் (தனிப் பயிற்சி) வேறு. இதை இருவரும் ஒப்புக்கொண்டால்தான் வண்டி ஓடும். 'ஆ' என்று இழுத்துப் பாடும் அகார சாதகமும், பாடம் உருப்போடுவதும், கைக்குப் பழகுவதும் தனித்தனியாகச் செய்ய வேண்டியவை. அதைச் சேர்ந்து உட்காரும் நேரத்தில் செய்தால் ஒருவர் இன்னொருவருக்காகக் காத்திருக்க நேரும், எரிச்சல் வரும். வாரத்தில் இரண்டு மாலை சேர்ந்து உட்கார முடிந்தால் போதும். மற்ற நாட்களில் ஆளுக்கு அரை மணி தனிச் சாதகம். அந்த அரை மணிக்கு மற்றவர் குழந்தையையும் குக்கர் விசிலையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை ஒருவருக்கு என்றால் ஞாயிற்றுக்கிழமை இன்னொருவருக்கு. பல வீடுகளில் ஆண் மட்டும் வாசித்துக்கொண்டிருப்பார், பாடுகிறவர் அடுப்படியிலிருந்தே பாடிக்கொண்டிருப்பார். அது சாதகமும் ஆகாது, நியாயமும் ஆகாது.

ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு அடுத்த கவலை அக்கம்பக்கம். இரவு 10 மணி முதல் காலை 6 வரை என்பது சட்டப்படியே இரவு நேரம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். சட்டம் இருக்கட்டும், மனிதர்களைப் பாருங்கள். தொப்பியில், அதாவது மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலில், போடும் கும்கி என்ற ஆழ்ந்த ஓசை தரை வழியாகக் கீழ்வீட்டுக்கு நேராக இறங்கும்; பாட்டு அவ்வளவு இறங்காது. அதனால் வெறும் தரையில் உட்காராதீர்கள். பழைய மெத்தையோ, நாலாக மடித்த ஜமக்காளமோ போட்டு அதன்மேல் உட்காருங்கள். இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரை விட்டுத் தள்ளி உட்காருங்கள். தொடங்கும் முன்பே கீழ்வீட்டில் போய், எந்தெந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று சொல்லிவிடுங்கள். பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருந்தால் பரீட்சை மாதத்தில் மிருதங்கத்துக்கு லீவு விட்டுவிடுங்கள். பாடுகிறவருக்கு லீவு தேவையில்லை. மிருதங்கக்காரர் அப்போது தா தீ தொம் போன்ற சொற்கட்டுகளை வாயால் சொல்லி, தொடையில் தட்டிச் சாதகம் செய்யலாம். வாயில் தெளிவாக வராதது கையில் வராது என்பதால் இது குறைந்த சாதகமும் இல்லை.

3. உட்கார்ந்ததும் சுருதி சேர்ப்பது

புதியவர்கள் அவசரப்படுவது இங்கேதான். பதினைந்து நிமிஷம் இதற்கென்றே ஒதுக்குங்கள்.

முதலில் தொப்பி. கொஞ்சம் ரவையைக் கிண்ணத்தில் போட்டு, தண்ணீர் தெளித்து, சப்பாத்தி மாவைவிடச் சற்றுத் தளர்வாகப் பிசையுங்கள். தொப்பியின் நடுத்தோலை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, ரவையை வட்டமாக அப்பி விரலால் வழித்துப் பரப்புங்கள். தட்டிப் பாருங்கள். டப்டப் என்று அடைத்தால் ரவை அதிகம், கொஞ்சம் எடுங்கள். வெறுமனே அதிர்ந்தால் இன்னும் கொஞ்சம். உள்ளங்கைக்குக் கீழே நாதம் ஆழமாக உருண்டு வர வேண்டும். நடுவில் ரவை காய்ந்தால் நாதம் மாறும். அதனால் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் இருக்கட்டும். இப்போது ரவைக்குப் பதில் ஒட்டி எடுக்கும் பசைகளும் வந்திருக்கின்றன. பிரயாணத்துக்கு வசதி. நாதத்துக்கு எனக்கு ரவைதான்.

அப்புறம் வலந்தலை, அதாவது வலப்பக்கத் தோல். சுருதிப்பெட்டியை ஓடவிட்டு, ஓரத் தோலில் விரலால் தட்டும் மீட்டுச் சொல்லை ஒவ்வொரு இடமாகத் தட்டிக்கொண்டே மிருதங்கத்தைச் சுற்றி வாருங்கள். எங்கே சுருதி இறங்கியிருக்கிறதோ அங்கே விளிம்பில் குச்சியை வைத்து, கல்லால் மேலிருந்து கீழாகத் தட்டினால் ஏறும். ஏறியிருந்தால் கீழிருந்து மேலாகத் தட்டுங்கள். ஓங்கி அடிக்காதீர்கள், சின்னச் சின்னத் தட்டாகப் போங்கள். ஒரு இடத்தைத் தட்டினால் எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். போல்ட் நட் வைத்த மிருதங்கம் என்றால் ஸ்பேனர் போதும். புதியவர்களுக்கு அது சுலபம்.

இந்த நேரத்தில் பாடுகிறவர் எழுந்து போகக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் மெதுவாகப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். சுருதி சேர்ந்ததை அவர் காது முதலில் சொல்லும். மிருதங்கக்காரரின் காதில் தட்டுச் சத்தமே நிறைந்திருக்கும். என் மனைவி ஒன்றும் சொல்ல மாட்டாள், கண்ணை மூடிக்கொள்வாள். அப்போது கல்லைக் கீழே வைத்துவிடுவேன்.

மழைக்காலத்தில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும், கோடையில் இறுகி ஏறும். ஏசி அறையில் உட்கார்ந்த பத்தாவது நிமிஷம் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். மூன்று பாட்டுக்கு ஒரு தரம் நிறுத்திச் சரி செய்வதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

4. எதிலிருந்து தொடங்குவது

கீர்த்தனையில் தொடங்காதீர்கள். பாடுகிறவர் எத்தனை வருஷம் கற்றிருந்தாலும் சரி, சேர்ந்து வாசிப்பதில் இருவருமே புதியவர்கள். மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை, ஆதி தாளம், மூன்று காலம் (வேகம்). மிருதங்கத்தில் முதல் பாடமான தா தீ தொம் நம். எட்டு அட்சரத்தில் நாலு சொல் இரண்டு தரம் உட்கார்ந்துவிடும். கேட்கச் சின்னப் பிள்ளைப் பாடமாக இருக்கும், ஆனால் ஒன்றாம் காலத்திலிருந்து இரண்டாம் காலத்துக்குப் போகும் இடத்தில் இருவரும் ஒரே நொடியில் திரும்புகிறீர்களா என்பது இதில்தான் அப்பட்டமாகத் தெரியும்.

அடுத்து ஏழு தாள அலங்காரம். திஸ்ர திரிபுடையில் ஏழு, கண்ட ஜாதி அடதாளத்தில் பதினாலு என்று எண்ணிக்கை மாறும்போது மிருதங்கக்காரருக்கு நல்ல பயிற்சி. இங்கே நடைகளையும் தீர்மானங்களையும் குவிக்க வேண்டாம், சர்வலகுவாகவே, அதாவது தாளத்தை ஒட்டிய நேரான ஓட்டமாகவே போங்கள். பிறகு ஆதி தாள வர்ணம் ஒன்று, இரண்டு காலத்தில். ஒரே வர்ணத்தை இரண்டு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். புதிது புதிதாகத் தேடுவதைவிட அது பலன் தரும்.

கீர்த்தனைக்கு வரும்போது பாடுபவர் மூன்று விஷயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்: என்ன தாளம், எடுப்பு (தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம்) எங்கே, எவ்வளவு சவுக்கம் (மெதுவான வேகம்). ஆதி தாளம் என்று மட்டும் சொன்னால் போதாது. தாளத்தின் முதல் தட்டான சமத்தில் எடுக்கும் பாட்டும் உண்டு, அரை இடம் தள்ளி எடுக்கும் பாட்டும் உண்டு. முதல் வரியை அவர் ஒரு தரம் தாளத்தோடு சும்மா பாடிக் காட்டிவிட்டால் இரண்டு பேருக்கும் நிம்மதி. சங்கதிகளை (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் விதங்களை) எத்தனை தரம் பாடுவது என்பதையும் நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் ஒரு தரம், மறுநாள் மூன்று தரம் என்றால் வாசிப்பவர் பாட்டைக் கேட்டு வாசிக்க முடியாது, பின்னாலேயே ஓட வேண்டியிருக்கும்.

5. தாளம் யார் கையில்?

பாடுகிறவர் கையில். அவர் போடும் தாளம் வாசிப்பவர் கண்ணில் படும்படி, எதிரெதிரே கொஞ்சம் சாய்வாக உட்காருங்கள். வீட்டில் பலர் டிவி பார்ப்பதுபோல் ஒரே பக்கம் பார்த்து உட்கார்கிறார்கள். அப்படி உட்கார்ந்தால் தாளம் தெரியாது, பாட்டை முடிக்கும் சைகையும் தெரியாது.

காலப்பிரமாணம், அதாவது பாட்டின் வேகம், ஓடுவது எல்லா ஜோடிக்கும் வரும் நோய். மிருதங்கத்தில் கை சூடேறியதும் ஓடும். பாட்டில் அனுபல்லவியின் மேல் சஞ்சாரம் வந்ததும் ஓடும். யார் ஓடினார் என்று அங்கேயே தீர்ப்புச் சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம். செல்போனில் பதிவு செய்து, பல்லவியின் முதல் ஆவர்த்தனத்துக்கும் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) சரணம் முடிந்து வரும் பல்லவிக்கும் எத்தனை விநாடி என்று பாருங்கள். வித்தியாசம் இருந்தால் எந்த இடத்தில் மாறியது என்று தானே தெரிந்துவிடும். மெட்ரோனோமைத் தனிச் சாதகத்தில் வையுங்கள். சேர்ந்து வாசிக்கும்போது அதை வைத்தால் இருவரும் எந்திரத்தைக் கேட்பீர்கள், ஒருவரையொருவர் கேட்க மாட்டீர்கள்.

மிருதங்கம் மட்டும் தனியாக ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் வாசிக்கும்போது முறை மாறும். பாடியவர் அப்போது தாளத்துக்கு மட்டும் பொறுப்பு. மிருதங்கக்காரர் எவ்வளவு குறுக்கே போனாலும் தாளம் அசையக் கூடாது. பாடுகிறவர்களுக்கு இது கஷ்டமான வேலை. முதலில் மூன்று நிமிஷத் தனி போதும். முடிவுக் கோர்வை (கணக்காகக் கோத்த சொற்கட்டு) மூன்று தரம் வந்து எடுப்பில் விழும் என்பதை இருவரும் முன்பே வாயால் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த எடுப்பில் பல்லவி சரியாகச் சேர்ந்துவிட்டால் அதற்கு இணையான சந்தோஷம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

6. திருத்தம் சொல்வது எப்படி

பாட்டின் நடுவில் நிறுத்தாதீர்கள். தப்பு வந்தாலும் பாட்டை முடியுங்கள். நடுவில் நிறுத்திப் பழகிய ஜோடி, நாலு பேர் முன்னால் தப்பு வந்தாலும் நின்றுவிடும். விட்ட தாளத்தை ஓடும் பாட்டிலேயே பிடிக்கும் பழக்கம் வராது.

முடித்ததும் அவரவர் தப்பை அவரவர் சொல்லுங்கள். "நான் இரண்டாவது சங்கதியில் அரை இடம் முந்திட்டேன்" என்று பாடியவர் சொல்வதும், "உனக்கு நிரவலுக்கு இடம் கொடுக்காம நான் நிறைய வாசிச்சுட்டேன்" என்று வாசித்தவர் சொல்வதும் போதும். மற்றவர் தப்பைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் கேள்வியாகக் கேளுங்கள்: "அந்த இடத்தில் நான் எப்படி வாசிச்சா உனக்குப் பாட வசதியா இருக்கும்?" இப்படிக் கேட்டால் எதிரில் இருப்பவர் தன் தப்பையும் தானே கண்டுபிடித்துவிடுவார். பதிவைக் கேட்பதை மறுநாளைக்குத் தள்ளிவையுங்கள். அன்றே கேட்டால் சூடு ஆறியிருக்காது.

ராகத்தில் சந்தேகம், பாடாந்தரத்தில் (பாட்டைப் பாடும் பாட முறையில்) சந்தேகம் என்றால் பாடுபவரின் வாத்தியாரிடம் கேளுங்கள். மிருதங்கச் சந்தேகம் மிருதங்க வாத்தியாரிடம். ஆளுக்கொரு குரு இருப்பது இந்த வீட்டு அமைதிக்கு மிகவும் அவசியம். செலவு இரட்டிப்பு என்று ஒருவர் பாடத்தை நிறுத்திவிட்டு மற்றவரிடம் கற்றுக்கொள்ள வேண்டாம். மாதத்துக்கு இரண்டு வகுப்பு என்று குறைத்துக்கொண்டாவது இரண்டு பேரும் போங்கள்.

அலுவலகக் கோபம், மாமியார் வீட்டு விஷயம், கரண்ட் பில் எதுவும் சுருதிப்பெட்டி ஓடும்போது வரக் கூடாது. எங்கள் வீட்டில் பெட்டியைப் போட்ட பிறகு வேறு பேச்சு கிடையாது. பேச வேண்டியது இருந்தால் பெட்டியை அணைத்துவிட்டுப் பேசி முடித்து, அப்புறம் போடுவோம். சில மாலை பேச்சே நீண்டு பாட்டு நடக்காமல் போகும். பரவாயில்லை, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.

ரத்த உறவோ தாம்பத்தியமோ இருந்தால்தான் ஜோடி சேரும் என்றும் இல்லை. ஆலத்தூர் சகோதரர்கள் என்று புகழ்பெற்ற ஸ்ரீநிவாச ஐயரும் சிவசுப்பிரமணிய ஐயரும் உடன்பிறந்தவர்களே அல்ல. லய நுட்பத்துக்குப் பேர்போன ஜோடி அது. வீட்டில் துணை கிடைக்காதவர்கள் வகுப்பில் தேடுங்கள். உங்கள் வாத்தியாரிடமே கேட்டால் உங்கள் அளவில் கற்கும் ஒருவரைச் சொல்வார்.

7. முதல் முறை நாலு பேர் முன்னால்

நவராத்திரிக் கொலுவைவிட நல்ல மேடை தொடக்கத்துக்குக் கிடைக்காது. தெரிந்தவர் வீடு, மைக் கிடையாது, சுண்டல் உண்டு. அரை மணிக்கு இப்படித் திட்டமிடலாம்: சின்ன வர்ணம், பிள்ளையார் கீர்த்தனை ஒன்று, மத்தியம காலத்தில் ஒரு பாட்டு, கொஞ்சம் விஸ்தாரமாக ஒரு கீர்த்தனையும் அதற்குக் குட்டித் தனியும், திருப்புகழ் ஒன்று, மங்களம். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) நிலைநிறுத்திய கச்சேரிப் பாணியின் சின்ன உருவம்தான் இது. வர்ணத்தில் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது: குரலும் கையும் சூடாகிவிடும், காலப்பிரமாணம் கெட்டியாகிவிடும். அதனால் வர்ணத்தை விட்டுவிடாதீர்கள்.

கொலுவுக்கு வரும் கூட்டம் பேசிக்கொண்டேதான் இருக்கும். வருத்தப்பட வேண்டாம். ராகத்தை இரண்டு நிமிஷத்துக்கு மேல் நீட்டாமல் பாட்டுக்கு வந்துவிடுங்கள். வயலின் வாசிக்கும் நண்பர் மூன்றாவதாகச் சேர்ந்தால், ஒரு தரமாவது முன்னால் வீட்டுக்குக் கூப்பிட்டுப் பாட்டுகளை ஓட்டிப் பாருங்கள். ஜோடியாகப் பழகியவர்கள் தங்களுக்குள்ளேயே கண்சைகையில் போய்விடுவார்கள். மூன்றாமவர் தனியாக நிற்பார். ஸ்வரத்தில் அவருக்கு இடம் விடுங்கள், அவர் வாசிக்கும்போது மிருதங்கம் இறங்கி வாசிக்கட்டும்.

ஒரு வருஷம் ஆனதும் திருவையாறு போய் வாருங்கள். தை மாதத்தை ஒட்டி வரும் தியாகராஜ ஆராதனையில், பகுள பஞ்சமி (தேய்பிறையின் ஐந்தாம் நாள்) அன்று காலை, தியாகராஜரின் பஞ்சரத்ன கீர்த்தனைகளை எல்லோரும் சேர்ந்து பாடும் கோஷ்டி கானம். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகம், ஐந்துமே ஆதி தாளம். அதையே வருஷ இலக்காக வைத்து இருவரும் பாடம் பண்ணினால், அத்தனை பேரோடு சேர்ந்து பாடவும் தாளம் போடவும் முடியும்.

பிரயாணத்தில் மிருதங்கத்தை ரயிலில் கீழ் பெர்த்துக்கு அடியில் படுக்கையாக வையுங்கள். கதவுப் பக்கம் நிறுத்தி வைத்தால் யாராவது காலால் இடிப்பார்கள். உறைக்குள் இரண்டு தலைப்பக்கமும் ஒரு துண்டை மடித்து வைத்தால் கரணைக்கு (வலந்தலையின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டத்துக்கு) பாதுகாப்பு. வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட்டு ஹோட்டலுக்குச் சாப்பிடப் போகவே போகாதீர்கள்: தோல் இறுகிவிடும், கரணை பொரிந்துவிடும். ஊர் திரும்பியதும் ரவை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துச் சுரண்டித் துடைத்துவிடுங்கள். விட்டால் காய்ந்து தோலைக் கடிக்கும், எறும்பும் வரும். கரணையில் விரிசல் கண்டால் வாசிப்பதை நிறுத்திவிட்டு, மூட்டுக் கட்டுபவரிடம் (மிருதங்கத்துக்குத் தோல் கட்டுபவரிடம்) அந்த வாரமே கொடுத்துவிடுங்கள். நவராத்திரிக்கும் மார்கழிக்கும் முன்னால் அவரிடம் வேலை குவிந்திருக்கும், அதனால் ஆடியிலேயே ஒரு தரம் காட்டிவிட்டால் வசதி.